நாற்பதாயிரத்துக்குள் ஒரு டீம்

எங்கள் ஊர் கால்பந்துப் போட்டியில் ஒரு டீம் தன் ஆட்டக்காரர்களுக்காக ஒரு சீசனுக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதி வேண்டும் என்று அதிகமாகச் சத்தம் போட்டவர்கள் எங்கள் டீம்காரர்கள்தான். நான் சத்தம் போடவில்லை, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து கையைத் தூக்கினேன்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் திருவண்ணாமலையிலேயே லாட்ஜுகள் வைத்திருக்கும் ஒருவர் ஒரு டீமை நடத்தினார். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்குவார். தங்க இடம் அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. மற்ற டீம்கள் அவர்களுடைய கோல் பக்கம் போவதே கஷ்டமாகிவிட்டது. யார் ஜெயிப்பார்கள் என்று முன்பே தெரிந்த ஆட்டத்தை வெயிலில் நின்று யார் பார்ப்பார்கள்? கூட்டம் குறைந்தது. இரண்டு டீம்கள் விலகிக்கொண்டன. பிறகுதான் போட்டி நடத்தும் கமிட்டி உட்கார்ந்து பேசி இந்த விதியைப் போட்டது. சம்பளம், பஸ் காசு, சாப்பாடு, ஷூ எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். மொத்தம் ஆறு டீம். ஒவ்வொரு டீமும் மற்ற ஐந்து டீம்களோடும் இரண்டு முறை மோதும். முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களுக்கு ஃபைனல். ஒரு டீம் நடுவில் ஒருவனை நீக்கிவிட்டால் அவன் வேறு டீமில் சேர்ந்துகொள்ளலாம், அந்த டீமின் நாற்பதாயிரத்தில் அவனுக்கு இடம் இருந்தால்.

நான் செங்கம் ரோட்டில் ரெக்சின் கடை வைத்திருக்கிறேன். ஆட்டோவுக்கு சீட்டும் டாப்பும் தைப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். கால்பந்து ஆடியதே இல்லை. டீமில் பாதிப் பேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள். அவர்கள் ஆட்டோக்கள் நிற்பது என் கடை வாசலில். முன்பு டீமைக் கவனித்துக்கொண்டவர் வெளிநாடு போனபோது, "பாய் யாரோடவும் சண்டை போட மாட்டாரு, அவரே இருக்கட்டும்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சண்டைக்கு வேண்டிய பேச்சு எனக்கு வராது என்பதுதான் உண்மை. அது அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் டீமில் சம்பளம் வாங்கியவர்கள் மூன்று பேர். முதல் ஆள் வேலூரிலிருந்து வரும் ஃபார்வர்டு. கோல் போடுகிறவன் என்பதால் அவனுக்குத்தான் ஜாஸ்தி. ஒரு ஆட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாவது எங்கள் டிஃபென்ஸில் நிற்கும் ஆட்டோக்காரர். வயது நாற்பதைத் தொடப்போகிறது, ஆனால் களத்தில் அவர் குரல் கேட்டால்தான் மற்றவர்கள் ஒழுங்காக நிற்பார்கள். அவருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்ல மாட்டோம். ஆட்டம் நடக்கும் நேரத்தில் அவருக்குப் போகிற சவாரிக்கு ஈடு, அவ்வளவுதான். மூன்றாவது கீப்பர். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பையன், இருபத்தொரு வயது. அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி. பஸ் காசும் கொஞ்சம் கைக்காசும் வாங்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தவன், இரண்டு சீசனில் மாவட்டத்திலேயே நல்ல கீப்பர் ஆகிவிட்டான். பழைய காசுக்கு அவனை வைத்துக்கொள்ள முடியாது என்பது அவன் கேட்காமலே எங்களுக்குத் தெரிந்தது. ஆட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு தருவது என்று முடிவு செய்தோம்.

அப்படிக் கொடுத்தால் நாற்பதாயிரம் தாண்டியது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் ஆட்டோக்காரருக்குக் கொடுப்பதை நிறுத்தினால்தான் சரியாக வந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டிய ஆள் நான்.

அவர் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னா பாய், மூஞ்சே சரியில்ல?"

"கீப்பருக்கு ஜாஸ்தி குடுக்கணும்பா."

"குடு. நல்லாத்தானே ஆடறான்."

"குடுத்தா உனக்கு இல்ல."

அவர் சிரித்தார். "என் காலை வித்து அவன் கையை வாங்கறியா? பண்ணு, பண்ணு."

சிரித்தாரே தவிர, அவருக்கு அது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஆசிரமம் பக்கம் சவாரி நன்றாகக் கிடைக்கும். அதை விட்டுவிட்டு அவர் சும்மா வந்து ஆட வேண்டும் என்று நான் கேட்பது நியாயம் இல்லை. வெளியே நின்ற அவர் ஆட்டோவைப் பார்த்தேன். பின் சீட்டு கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"அதை ஏன் பாக்கற? நேத்து ஒரு வெள்ளைக்காரம்மா கால வெச்சுட்டு, சீட்டப் பாத்துட்டு இறங்கிப் போயிடுச்சு" என்றார்.

யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் ஒன்றாகவே வந்திருக்கலாம். காசுக்குப் பதிலாக நான் அவருக்கு சீட்டு தைத்துக் கொடுப்பது. டீம் பணத்தில் ஒரு ரூபாய் வெளியே போகாது. டீமில் மற்றவர்களிடம் சொன்னபோது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "கடையும் உன்னுது, கையும் உன்னுது. கமிட்டிக்கு இன்னா வந்துச்சு?" என்றார்கள்.

ஆசையாகத்தான் தைத்தேன். முன் சீட்டு, பின் சீட்டு, பக்கவாட்டு பேட் எல்லாம் சேர்த்து ஒரு செட். அடர் சிவப்பில் ஓரமெல்லாம் மஞ்சள் பைப்பிங். எங்கள் ஜெர்சியின் நிறம். அவர் கேட்டார் என்று பின் சீட்டின் முதுகில் அவருடைய ஜெர்சி நம்பரையும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அந்த சீசனின் முதல் பாதி எங்களுக்கு நன்றாகப் போனது. ஃபார்வர்டு கோல் போட்டான், கீப்பர் விடவில்லை. ஐந்தாவது ஆட்டம் லாட்ஜ்காரரின் டீமோடு. அது கோல் இல்லாமல் முடிந்தது. ஆட்டோக்காரர் தன் ஆட்டோவை எப்போதும் போல கோலுக்குப் பின்னால் நிழலில் நிறுத்தியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் லாட்ஜ் டீமின் மேனேஜர் அதில் ஏறி உட்கார்ந்து, கையால் அழுத்திப் பார்த்தார்.

"ஜம்முனு இருக்குதே பாய். உங்க வேலையா? செட்டு இன்னா ரேட்டு?"

விலை கேட்டால் விலை சொல்வது என் தொழில். "ஆறாயிரம் ஆவுதுங்க" என்றேன். அவரிடமும் ஏதோ வண்டி இருக்கும், தைக்கக் கொடுப்பார் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

அவர் ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினார். "உனக்கும் அதே ரேட்டா?"

"எனக்கு ஏது ரேட்டு? டீம் ஆளுன்னு பாய் சும்மா போட்டுக் குடுத்தாரு" என்று எங்கள் ஆள் பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் கமிட்டியில் புகார் போயிருந்தது.

கமிட்டி கூடுவது மைதானத்தின் ஓரத்தில் வலையும் கம்பமும் போட்டு வைக்கும் அறையில். மூன்று பேர். அதில் பேசுகிறவர் ரிடையர் ஆன விளையாட்டு வாத்தியார் ஒருவர். கோபப்பட மாட்டார். விசில் அடிப்பது போலச் சின்னச் சின்னதாகப் பேசுவார்.

"செலவுன்னா காசு மட்டும் இல்ல பாய். பொருளா குடுத்தாலும் செலவுதான்."

ரெக்சினும் ஸ்பாஞ்சும் எனக்கு அவ்வளவு ஆகவில்லை, மீதி என் கைவேலைதான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதே சீட்ட வேற யாராவது கேட்டா எவ்ளோ வாங்குவீங்க?"

"ஆறாயிரம்."

"அப்போ ஆறாயிரம்தான். இத விட்டா நாளைக்கு அவரு பத்து பேருக்கு லாட்ஜுல ரூம் போட்டுட்டு, ரூம் சும்மாதானே கெடந்துச்சும்பாரு. இத அன்னிக்குக் கூட்டத்துல சொன்னதே உங்க ஆளுங்கதான்."

அது உண்மைதான். அதே வார்த்தையில்தான் சொல்லியிருந்தோம்.

ஆட்டோக்காரர் முன்னால் வந்தார். "தப்பு என்னால. என்னை எடுத்துடுங்க சார்."

"உன்னை எடுத்தா ஆறாயிரம் திரும்பி வந்துடுமா? குடுத்தது குடுத்தாச்சு. நீ ஆடினாலும் கணக்கு, வீட்ல தூங்கினாலும் கணக்கு."

"சீட்ட கழட்டிக் குடுத்துடறேன் சார்."

"ஒரு மாசமா ஊரே உக்காந்த சீட்டு. யாரு வாங்குவா?"

அறையில் சிரித்தார்கள். ஆட்டோக்காரரும் சிரித்தார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. காசு மிச்சம் பிடிக்கப் போய், டீமிலிருந்து எடுக்கவே முடியாத ஒரு ஆளை நாங்கள் உண்டாக்கியிருந்தோம். அவருக்குக் கொடுக்க வேண்டியது முழுவதும் முன்பே கொடுத்தாகிவிட்டது. இனிமேல் கொடுக்கப் போகிற காசில்தான் குறைக்க முடியும். அப்படிக் காசு பாக்கி இருந்தவர்கள் ஃபார்வர்டும் கீப்பரும் மட்டும். பாக்கி ஐந்து ஆட்டம். இரண்டு பேரில் ஒருவன் போனால் ஆறாயிரம் சரியாகிவிடும்.

பாதிக் காசுக்கு ஆடுவதாக இருவரும் எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்று எங்களில் ஒருவன் கேட்டான்.

"எல்லா டீமும் அப்படித்தான் எழுதிக் குடுக்கும். மீதிய பாக்கெட்டுல வெச்சுக் குடுக்கும்" என்றார் வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒருவரை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவோம் என்று முடித்துவிட்டார்.

யாரை எடுப்பது என்பதில் டீமில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. லாட்ஜ் டீமின் கீப்பர் கணுக்கால் முறிந்து ஊருக்குப் போயிருந்தான். அவனுக்குக் கொடுக்க வேண்டிய காசு அவர்கள் கணக்கில் அப்படியே இருந்தது. புகார் போனதே அதற்காகத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆட்டோக்காரர் வாய்விட்டே சொன்னார்: "வேலூர்க்காரனை எடுத்தா வேலூருக்குப் போவான். கீப்பரை எடுத்தா அவனுங்ககிட்ட போவான். இதுல யோசிக்க இன்னா கீது?" எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஃபார்வர்டுக்குப் போன் செய்து எப்படிச் சொல்வது என்று தயங்கி இரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் கீப்பரின் அப்பா கடைக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார். டீ வாங்கிவரச் சொன்னேன். குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். அவரும் என்னைப் போலப் பேச்சுக்குத் தயங்குகிறவர்.

"அந்த டீமுலேர்ந்து போன் பண்ணாங்க பாய், பையனுக்கு."

"ஜாஸ்தி தர்றேன்னாங்களா?"

"இல்ல, உங்க காசேதான். காசுக்கு வரல நான்." கிளாஸைக் கீழே வைத்தார். "ஃபைனலுக்கு மெட்ராஸ் கிளப்புலேர்ந்து ஆளுங்க பாக்க வர்றாங்களாமே. வாத்தியாரு சொன்னாரு. கீப்பருக்கு ஆள் தேடறாங்களாம். கிளப்புல சேர்ந்தா அப்பறம் வேலை வாய்ப்பு இருக்குதுன்றாங்க. நீங்களே சொல்லுங்க பாய், இங்க இருந்தா அவன் ஃபைனல் ஆடுவானா?"

தையல் மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தேன். அந்த சீசனில் நாங்கள் போட்ட கோல்களில் ஒன்றிரண்டு தவிர மற்றதெல்லாம் வேலூர்க்காரன் போட்டது. அவனை எடுத்துவிட்டால் கோல் போட ஆள் இல்லை. கோல் விடாமல் இருக்கலாம், ஜெயிக்க முடியாது. அதாவது கீப்பரை வைத்துக்கொள்ள நாங்கள் செய்யப் போகிற காரியமே அவனை ஃபைனல் ஆடவிடாமல் செய்யும். லாட்ஜ் டீம் எப்படியும் ஃபைனலுக்குப் போகிற நிலையில் இருந்தது.

"தெரியலண்ணா" என்றேன்.

"தெரியலன்னா, கஷ்டம்னு வெச்சுக்கலாமா?"

மெஷினில் இருந்த ரெக்சினை இழுத்து நேராக்கினேன். அவர் புரிந்துகொண்டார்.

"நானே அவன்கிட்ட சொன்னேன் பாய், என்னை எடுத்துடுங்கன்னு நீயே கேளுன்னு. மாட்டேன்றான். பாயை விட்டுட்டு அவங்ககிட்ட போயி நிக்க மாட்டேன்னு கத்தறான். அவனா கேக்க மாட்டான். நீங்க எடுத்துட்டா போவான்." எழுந்து வேட்டியைச் சரி செய்தார். "எடுங்கன்னு நான் சொல்லல. அது உங்க டீமு. விஷயத்தச் சொல்லணும்னு வந்தேன்."

அவர் போன பிறகு ஒரு டாப்பு தைக்க உட்கார்ந்தேன். தையல் இரண்டு இடத்தில் கோணிப் போய்ப் பிரித்துத் தைத்தேன்.

சாயங்காலம் அந்த அறையில் எங்கள் டீம் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். லாட்ஜ் டீமின் மேனேஜரும் இருந்தார். வாத்தியார் என்னைப் பார்த்தார். பெரிய பேச்சு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையே எனக்கு வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

"கீப்பரை எடுத்துடுங்க சார்."

"பாய்!" என்றார் ஆட்டோக்காரர்.

"யாரை?" என்று வாத்தியார் மறுபடி கேட்டார்.

"கீப்பரை."

லாட்ஜ் டீமின் மேனேஜர் என்னையே பார்த்தார். இதற்காகத்தான் அவர் புகார் கொடுத்தார். ஆனால் அது இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வெளியே வந்ததும் எங்கள் ஆட்களில் ஒருவன் என் வழியை மறித்தான். "அவனுங்ககிட்ட எவ்ளோ வாங்கின பாய்?"

"வாய மூட்றா" என்று ஆட்டோக்காரர் அவனைத் தள்ளினார். என்னைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். நேராகக் கடைக்கு விட்டார். இறங்கும்போதுதான் கேட்டார்.

"இன்னா பாய் இது?"

கீப்பரின் அப்பா வந்துபோனதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஹாண்டில் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இத எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா?"

"சொன்னா நீங்க எல்லாரும் உக்காந்து பேசுவீங்க. பேசினா அவனை விட மாட்டீங்க."

"விட மாட்டோம்தான்" என்று ஒத்துக்கொண்டார். "வேலூர்க்காரன் மேல உனக்கு அவ்ளோ நம்பிக்கையா?"

"அவன் மேல இல்ல. கீப்பர் இல்லாம மூணு கோல் விட்டாலும் நாலு போட ஒரு ஆள் வேணும். இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"ஃபுட்பால் ஆடினதே இல்லன்ன. நல்லாத்தான் பேசற." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கீப்பர் போன் செய்தான். எடுத்தேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் பாய்?"

"தப்பு ஒண்ணும் இல்லப்பா. கணக்கு இடிக்குது."

"வேலூர் அண்ணனை எடுத்திருக்கலாமே. கணக்கு அதுலயும் சரியாகும்தானே?"

ஆகும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. கணக்குதான்பா என்று மறுபடி அதையே சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு அவன் லாட்ஜ் டீமின் பச்சை ஜெர்சியில் நின்றான்.

எங்கள் கோலில் தேங்காய் மண்டியில் வேலை செய்யும் ஒருவரை நிறுத்தினோம். நல்ல உயரம். பந்தை இரண்டு கையாலும் தேங்காய் பிடிப்பது போலப் பிடிப்பார், தரையோடு வந்தால் விட்டுவிடுவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் விழுந்தது. வேலூர்க்காரன் அதற்கு மேல் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு ஆட்டம் தோற்றோம், மூன்று ஜெயித்தோம். கடைசி ஆட்டம் லாட்ஜ் டீமோடு. ஜெயித்தால் எங்களுக்கும் ஃபைனல் உண்டு. அவர்களும் நடுவில் இரண்டு ஆட்டத்தைக் கோட்டைவிட்டிருந்தார்கள்; சமன் செய்தாலே போதும், தோற்றால் வெளியே.

அது எனக்கு முந்தின நாள் வரை உறைக்கவில்லை. நாங்கள் ஜெயித்தால் அந்தப் பையன் ஃபைனல் ஆட மாட்டான். டீமில் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. நன்றாக ஆடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதுவும் வழக்கமாக நான் சொல்வதில்லை.

அன்று கூட்டம் நிறைய. கீப்பரின் அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் லாட்ஜ் ஆட்கள் மத்தியில் உட்கார அவருக்குக் கூச்சம். இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்தோம். தேங்காய் மண்டிக்காரர் அன்று என்னவோ ஒன்றும் விடவில்லை. ஆட்டோக்காரர் தொண்டை கட்டும்வரை கத்தி டிஃபென்ஸை நிறுத்தி வைத்திருந்தார். எங்களாலும் கோல் போட முடியவில்லை.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலூர்க்காரன் இரண்டு பேரைத் தாண்டி உள்ளே போய்விட்டான். முன்னால் கீப்பர் மட்டும். எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்தேன். வேலூர்க்காரன் மூலை பார்த்து அடித்தான். பையன் முழு உடம்பையும் பக்கவாட்டில் எறிந்து விரல் நுனியால் தட்டிவிட்டான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

எங்கள் பக்கம் எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கீப்பரின் அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துப் பிடித்திருந்தார்.

"கை தட்டுங்கண்ணா."

"உங்க பக்கத்துல நின்னுகிட்டு எப்படி பாய்?"

"தட்டுங்க. நல்லா புடிச்சான்."

அவர் தட்டினார். எங்கள் ஆட்கள் திரும்பி முறைத்தார்கள். நானும் இரண்டு தட்டு தட்டினேன்.

ஆட்டம் அப்படியே முடிந்தது. அவர்கள் ஃபைனலுக்குப் போனார்கள், நாங்கள் மூன்றாம் இடம். பையன் அப்பாவைக் கூப்பிட எங்கள் பக்கம் வந்தான். ஆட்டோக்காரர் அவன் தலையில் ஒரு தட்டு தட்டி, "எங்க வயித்துல அடிச்சுட்டியேடா" என்றார். அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடறேன் பாய். நான்தான் வந்து கேட்டேன்னு சொல்லிடறேன். உங்க மேல இப்படிக் கோவமா இருக்கறத பாக்க முடியல."

"இப்ப வேணாம்ணா. அடுத்த வாரம் அவன் ஆடணும். மனசுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அப்பறம்?"

"ஃபைனல் முடியட்டும். நீங்களே சொல்லிக்குங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு, பையனைப் பிடிக்க வேகமாக நடந்தார்.